சுத்தியலுக்கு இடமில்லாத பை

எதைக் கையில் கொடுத்தாலும் மேஸ்திரி முதலில் எடை பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை இரண்டு தரம் மேலும் கீழும் அசைப்பார். பிறகுதான் அது என்னவென்று பார்ப்பார். மோர்ச் சொம்பானாலும் அப்படித்தான், முறுக்காணியானாலும் அப்படித்தான். எங்கள் கோவில் உபதேசியார் ஒருமுறை நாலு நல்ல வார்த்தை சொல்லி வேதாகமத்தை அவர் கையில் வைத்தார். அதையும் அசைத்துப் பார்த்தார்.

"இத்தினி கனம் தூக்கினு போவ முடியாது ஐயரே. இதுல எந்தப் பக்கம் இல்லாங்காட்டி வேல நின்னுபூடும், அத்த மட்டும் கிழிச்சுக் குடுங்க."

உபதேசியார் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் அது கிண்டல் இல்லை. கிண்டல் என்றால் நாங்கள் சிரித்திருப்போம். அவர் மெய்யாகவே அந்தப் பக்கம் எது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர் பேர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. பேரை எழுதினால் ஆளை மன்னித்து உள்ளே அழைத்து உட்காரவைத்தது போல ஆகிவிடும். தங்கச் சுரங்கத்துப் பட்டறையில் பிட்டர் அவர், எந்திரங்களைப் பிரித்து மாட்டுகிறவர். எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, அப்போது முப்பதுக்கு ஒன்றிரண்டு முன்பின். ஊரிகத்தில் ரயிலடிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒரு வரிசையில் நானும் அண்ணனும் அண்ணியும். எதிர் வரிசையில் அவரும் அவர் பெண்சாதியும். எல்லாரும் வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் துரத்தி வந்தவர்களின் பிள்ளைகள். மண்ணுக்கு மேலே இருந்தது எதுவும் எங்களுடையது இல்லை, மண்ணுக்குக் கீழே இருந்ததோ அதைவிட இல்லை. நான் தோல் தைக்கிறவன். பம்புக்குத் தோல் வாஷர், மிஷினுக்குப் பெல்ட், துரைமார் குதிரைக்குச் சேண வார். வாணியம்பாடியிலிருந்து பதனிட்ட தோல் வரும். அந்த வாசனை என் வீட்டில் குழம்பு வாசனைக்கு முன்னால் வந்து நிற்கும்.

அவருடைய வேதம் ஒரே ஒரு கேள்வி. இது ஒடஞ்சா, இதோட வேலய வேற எது செய்யும்? வேறு ஏதாவது செய்யும் என்றால் அந்தப் பொருள் வேண்டாம். எதுவுமே செய்யாது என்றால்தான் அது கூட வரலாம். இந்தக் கேள்வியை அவர் பம்பிடம் கேட்டார், பெட்டியிடம் கேட்டார், பண்டிகைப் பலகாரத்திடம் கேட்டார். கேட்காத பொருள் என்று ஒன்றை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் வீட்டில் எல்லாம் ஒவ்வொன்று. ஒரு சட்டி, ஒரு சொம்பு, ஒரு பாய். விருந்தாளி வந்தால் அவர் குடித்து முடித்த பிறகு மேஸ்திரி குடிப்பார். பிளேக் வந்த வருஷம் லைன் வீடுகளைக் காலி பண்ணி வெட்டவெளியில் கொட்டகை போட்டு எங்களைத் தள்ளினார்கள். ஒவ்வொரு குடும்பமும் வண்டி வண்டியாகச் சுமந்தது; எங்கள் அண்ணி அம்மிக்கல்லைக்கூட விடவில்லை. அவர் மட்டும் ஒரு கைமூட்டையோடு வந்தார். கயிறு, கத்தி, ஊசி நூல், தீப்பெட்டி, உப்பு. பொழுது சாய்வதற்குள் கொட்டகைக்காரர்கள் பாதிப்பேர் அவரிடம் கயிறு கேட்டு நின்றார்கள். அம்மிக்கல்லை யாரும் கேட்டு வரவில்லை. அன்றைக்கு நான் அவரை வியந்தேன். சொல்லிவிடுகிறேனே, வியந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் பெண்சாதியின் தாய்வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு களவு போயிருந்தது. அந்தம்மா அழவில்லை. அண்ணியிடம் மட்டும் சொன்னாளாம்: "வெளக்க எடுத்துக்கினு போவலாம்னேன். மாத்துக்கு மெழுகுவத்தி கீதே, அப்புறம் இன்னாத்துக்குன்னாரு. அதுக்கு நான் இன்னா சொல்றது."

அண்ணி அதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். மெழுகுவத்தி இருக்கத்தானே இருக்கிறது என்றேன்.

கம்பி வழியாக மின்சாரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பொன் எடுத்தபின் மலைபோல் கொட்டிக் கிடக்கும் அரைத்த மண்ணின் மேல் விளக்கு வெளிச்சம் விழுந்து, இல்லாத பனி பெய்தது போல் இருக்கும். அந்த நாளில்தான் எங்கள் துரைக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. மரப்பெட்டியில் அடைத்து ரயிலில் வந்தது. சைக்கிள்தான், வயிற்றில் ஒரு இரும்புச் சுரைக்காயைக் கட்டிவிட்டாற்போல் இருந்தது. மிதிகட்டையும் இருந்தது. ஏனென்றால் மேடு வந்தால் அந்தச் சுரைக்காய்க்கு மூச்சு வாங்கும். துரை மிதித்துத்தான் ஏற்ற வேண்டும். ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் அது முதல்முறை போனபோது மாடுகள் அவிழ்த்துக்கொண்டு ஓடின. தக்காளிக்காரி ஒருத்தி துரைக்குக் கேட்கும்படியே திட்டினாள். துரைக்குத் தமிழ் திட்டு மட்டும் நன்றாகப் புரியும்.

சனிக்கிழமையானால் துரை பெங்களூருக்குப் போக வேண்டும். குதிரைப் பந்தயம், நாட்டியம், என்னென்னவோ. கோலார் வழியாக ஹொசக்கோட்டை தாண்டி ஒரு பகல் பயணம். தனியாகத்தான் போவார், இன்னொருவர் ஏற இடம் கிடையாது. வழியில் நின்றுவிட்டால் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே கருவிகளையும் மாற்றுச் சாமான்களையும் கொண்டுபோக ஒரு பை. பை தைக்க நான். பையில் என்ன போவது என்று சொல்ல மேஸ்திரி.

அந்தப் பகலை மறக்க முடியவில்லை. என் வீட்டு வாசலில் சாக்கை விரித்து மேஸ்திரி சாமான்களைப் பரப்பினார். துரை சீமையிலிருந்து வரவழைத்தவை, பட்டறையில் அடித்தவை, எல்லாம் சேர்த்து முப்பதுக்கு மேல். பையில் எத்தனை போகலாம் என்று கேட்டேன். "துரை காலைக் கேளு" என்றார். மேட்டில் மிதிக்கிறவன் காலுக்குத்தான் பையின் கனம் தெரியும், பை தைக்கிறவனுக்கு இல்லை. அது உண்மைதான்.

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அசைத்தார். மூன்று ஸ்பானரில் இரண்டைத் தள்ளினார். மூன்றாவதன் வாய்க்குள் ஒரு தகரத் துண்டைச் செருகி, சின்ன நட்டும் இதிலேயே திரும்பும் என்று காட்டினார். திருப்புளியைத் தள்ளினார், குறட்டின் ஒரு காலை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டால் அதுவே திருப்புளி. எண்ணெய்ப் புட்டியைத் தள்ளி, சுரங்கத்துக்குள் ஆட்கள் கொண்டுபோகும் மெழுகுவத்தியில் ஒரு விரல்நீளத் துண்டை உள்ளே வைத்தார். வழுக்கவேண்டிய இடத்தில் தேய்க்கலாம், பெல்ட்டுக்குப் பூசலாம், ஒழுகும் இடத்தை அடைக்கலாம், பொழுது போய்விட்டால் கொளுத்தலாம். ஒரு பொருள் நாலு வேலை செய்தால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். மற்றவர்கள் குழந்தையைப் பார்க்கும்போது வருமே, அது. வால்வு ஸ்பிரிங் உள்ளே போயிற்று. நெருப்புப் பொறி போடும் பிளக் இரண்டு உள்ளே போயிற்று. அதற்கு மாற்று உலகத்தில் கிடையாது. பெல்ட்டை இணைக்கும் கொக்கி நாலு. ரப்பர் ஒட்டு. செம்புக் கம்பி ஒரு சுருள். என்னுடைய குத்தூசியும் மெழுகு நூலும்கூட. பெல்ட் அறுந்து கொக்கியும் பிய்ந்தால் தைக்க வேண்டும் அல்லவா. என் ஊசியை அவர் உள்ளே வைத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடைய கேள்வியில் தேறிவிட்டேன் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு இடம் வைத்துப் பையை வெட்டியிருந்தேன். கடைசியில் கைச்சுத்தியல் ஒன்று சாக்கின்மேல் கிடந்தது. அண்ணன் பட்டறையில் அடித்தது. கருவேலங்காம்பு, அண்ணன் கை பட்டுப் பட்டுப் பளபளத்திருந்தது. மேஸ்திரி அதை எடுத்து இரண்டு தரம் அசைத்தார். மூன்றாம் தரமும் அசைத்தார். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை.

நான் முந்திக்கொண்டேன். "சுத்தி எதுக்கு மேஸ்திரி? ரோட்டுல கல்லு கெடக்குது. கல்ல எடுத்துத் தட்டிக்கலாமே."

அவர் கண் விரிந்தது. என் தோளில் தட்டினார்.

"பலே பா. நான் இன்னா சொல்ல வரேன்னு உனுக்குப் புரிஞ்சுபோச்சு."

அன்று என் வாய்க்கு வந்த அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து வாரக்கணக்கில் பூரித்தேன். பன்னிரண்டாவது இடத்தின் தையலைப் பிரித்து, ஓரத்தை மடித்துப் பையை ஒரு விரற்கடை சிறியதாக்கினேன். பதினோரு பொருள். அண்ணன் வேலை முடிந்து வந்தபோது, உன் சுத்தியலுக்குப் பையில் இடமில்லை, கல்லிடம் தோற்றுப்போனாய் என்று கேலி செய்தேன். அண்ணன் சுத்தியலை எடுத்துக்கொண்டு, "கல்லுக்குக் காம்பு கெடயாது பாரு, அதான் கையில குத்தும்" என்று மட்டும் சொன்னார்.

பை ஜெயித்தது. அதையும் சொல்ல வேண்டும். நரசாபுரத்துப் பக்கம் பெல்ட் அறுந்தது; துரை என் குத்தூசியால் தைத்துக்கொண்டு வந்தார், முட்டாள் தையல், ஆனால் வந்தார். ஹொசக்கோட்டை ஏரிக்கரையில் ஸ்பிரிங் போனது; மாற்றிக்கொண்டார். ஒரு நாள் கல்லால் தட்டியதில் துரையின் கட்டைவிரல் நகம் கறுத்துத் திரும்பி வந்தது. அவர் கோபப்படவில்லை, கறுத்த நகத்தை மேஸ்திரியிடம் காட்டிச் சிரித்தார். துரைமார் கிளப்பில் அந்தப் பையைப் பற்றிப் பேச்சாம். பக்கத்துச் சுரங்கத்துத் துரை ஒருவர் அதேபோல் ஒன்று வேண்டும் என்று கேட்டனுப்பினாராம். மேஸ்திரியின் கேள்வி மெல்ல மெல்லப் பட்டறையை விட்டு வெளியே நடக்கத் தொடங்கியது. எந்த ஷிப்டில் எத்தனை பேர் போதும் என்று துரை அவரைத்தான் கேட்பார். அவர் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளங்கை, காலியாக இருந்தாலும், மேலும் கீழும் அசையும். நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையில் சம்மட்டி அடிப்பவர். கொல்லன் இடுக்கியில் பிடிக்க, அண்ணன் அடிக்க. ஆனால் அவருடைய சொத்து கை இல்லை, காது. துளைபோடும் கம்பியைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சொல்லிவிடுவார். பாறையையும் தட்டிப் பார்ப்பார். வயிறு உப்பி விழப்போகிற பாறையின் சத்தம் வேறு என்பார். எனக்கு எல்லாம் ஒரே டொக்குத்தான்.

மோட்டார் சைக்கிளில் ஒருமுறை என்னவென்று தெரியாத தட்டல் ஒன்று வந்தது. மேஸ்திரி இரண்டு நாள் கழற்றி மாட்டியும் போகவில்லை. அண்ணன் வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை ஓடுகிற இரும்பின்மேல் ஊன்றினார். கண்ணை மூடினார். இங்கே ஊன்றுவார், அங்கே ஊன்றுவார், ஒரு பாட்டைக் கேட்பதுபோல் தலை லேசாகச் சாயும். "கீழ, எடப்பக்கம். ஒரு ஆணி ஆடுது" என்றார். கழற்றினால் ஆணி ஆடியது. துரை அண்ணனைக் கையைப் பிடித்துக் குலுக்கினார். லைன் முழுக்க அன்று அந்தக் குலுக்கல்தான் பேச்சு. அண்ணி அந்தக் கையைக் கழுவவிடமாட்டேன் என்று கேலி செய்தாள்.

மேஸ்திரி மட்டும் சொன்னார்: "காது எல்லாருக்கும் ரெண்டு கீது."

பொறாமை என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவருடைய கேள்வியில் அண்ணன் காது எந்த இடத்தில் நிற்கிறது என்று கணித்துச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை முற்பகல். துரையின் பைக்கு வார் அறுந்து, புது வார் தைத்துக் கொடுக்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். மோட்டார் சைக்கிள் எந்திரம் மேஜைமேல் பிரித்துக் கிடந்தது. மீன் அரிந்து வைத்தாற்போல் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாக. ஒரு நாள் விட்டுச் சனிக்கிழமை. துரைக்குப் பந்தயம்.

கீழே ஆழத்து லெவல் பாதை ஒன்றில் பம்பு நின்றுபோயிருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பம்புத் தண்டில் ஒரு ஆப்பு இறுகிக்கொண்டது. அடித்து விடுவிக்க வேண்டும். ஆனால் இரண்டு நாளாக அந்தப் பக்கம் பாறை வெடித்துக்கொண்டிருந்தது. சுவர் தானாகவே படீர் என்று கல்லைத் துப்பும்; அதை எங்கள் ஆட்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மரமுட்டுக் கொடுக்கும் ஆட்கள் மூன்று பேர்தான் இறங்கச் சம்மதித்து ஷாஃப்டுக் கிணற்று வாயில் நின்றார்கள். கூடப் பட்டறையிலிருந்து ஒருவர் வேண்டும். எப்போதும் இப்படிப்பட்ட வேலைக்கு மேஸ்திரிதான் இறங்குவார். பயந்தவர் இல்லை அவர்; அதை மறைத்து எழுதினால் என் கை அழுகிவிடும். அன்றும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

துரை மேஜையைப் பார்த்தார். பிரித்துக் கிடந்த எந்திரத்தைப் பார்த்தார். அவர் உடைந்த தமிழில் கேட்டது இவ்வளவுதான்: நீ போனால் இதை யார் மாட்டுவது?

மேஸ்திரி நின்றார். கண்ணை மூடினார். துடைத்த உள்ளங்கை மேலே போயிற்று, கீழே வந்தது. இரண்டு தரம்.

"சம்மட்டி வேலதான தொரே. அவன் போவட்டும்."

அண்ணன் உலைப்பக்கம் நின்றிருந்தார். தன் பேச்சுத்தான் என்று புரிந்ததும் தலையை ஆட்டினார். சம்மட்டியை எடுத்தார், யோசித்து, இடுப்பில் கைச்சுத்தியலையும் செருகிக்கொண்டார். போகிற வழியில் என்னைப் பார்த்து, சாப்பாட்டுத் தூக்கை வீட்டில் கொடுத்துவிடு, வந்து சூடாகச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். நான் சரி என்றேன். என் கையில் பை இருந்தது. அதில் பதினோரு பொருளுக்கு இடம் இருந்தது. மேஸ்திரி, மாட்டுகிற வேலை நாளைக்கும் செய்யலாமே என்று சொல்லியிருக்கலாம். துரையே, பந்தயம் அடுத்த வாரமும் ஓடும் என்று சொல்லியிருக்கலாம். யோசிக்க நேரம் இருந்தது. கேஜ் கூண்டு மணி அடித்து இறங்குகிறவரை நேரம் இருந்தது.

விபத்துச் சங்கு ஊதியபோது நான் அண்ணியிடம் தூக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மரமுட்டு ஆட்கள் மூன்று பேரும் ஏறி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் எங்கள் வாசலில் நின்று சொன்னார். ஆப்பை அடித்து விடுவித்தாகிவிட்டது. பம்பு ஓடத் தொடங்கிவிட்டது. திரும்பும்போது அண்ணன் நின்று, கைச்சுத்தியலால் சுவரைத் தட்டினார். இன்னொரு தட்டு. பிறகு, "போங்க, போங்க, நீங்க முன்னால போங்க" என்று மூன்று பேரையும் தள்ளிவிட்டார். நடந்தார்கள். பின்னால் இன்னும் ஒரு தட்டுச் சத்தம் கேட்டதாம். அதன் பிறகு கேட்டது சுத்தியல் சத்தம் இல்லை.

சொல்லி முடித்து அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அண்ணி மூடவில்லை. தூக்கைத் திறந்து, சோறு இன்னும் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

அடக்கத்துக்கு மேஸ்திரி வந்தார். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றார். பாட்டுப் பாடி மண் போட்டு எல்லாரும் கலைந்த பிறகு நான் அவரிடம் போனேன். சண்டைக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை வேண்டியிருந்தது எனக்கு. 'சொல்லியிருக்கக்கூடாது பா, நானே போயிருக்கணும்' என்று அவர் வாயிலிருந்து வந்தால் போதும். அதை எடுத்துக்கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்துவிடலாம். வேறு எதைக் கொடுப்பது அவளுக்கு?

"எங்க அண்ணன ஏன் சொன்னீங்க மேஸ்திரி?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். குரலில் குத்தல் இல்லை. அளவு கேட்டவனுக்கு அளவு சொல்வதுபோல் சொன்னார்:

"நீதான பா சொன்ன. சுத்திக்கு ரோட்டுக் கல்லு போதும்னு."

அவர் போய்விட்டார். அந்த வாக்கியத்தை அவர் எனக்குக் கொடுத்தார். இருபது வருஷமாக வைத்திருக்கிறேன். அவருடைய கேள்வியையே அதனிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இதற்கு மாற்று எது? எதுவும் இல்லை. எனவே கூடவே வருகிறது.

துரை சனிக்கிழமை பெங்களூர் போனார். எந்திரம் மாட்டியாகியிருந்தது.

மூன்றாவது வாரம் வண்டியில் அந்தத் தட்டல் திரும்ப வந்தது. மேஸ்திரி கழற்றினார், மாட்டினார். ஆணிகளை எல்லாம் புதிதாக அடித்தார். போகவில்லை. துரை இந்தமுறை சிரிக்கவில்லை. பட்டறை முழுக்கக் கேட்கும்படி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பம்பு வாஷர் கொடுக்கப் போனபோது நான் அதைப் பார்த்தேன். பட்டறைக்குப் பின்னால், ஓடுகிற எந்திரத்துக்கு முன்னால் மேஸ்திரி குந்தியிருந்தார். வாயில் வேப்பங்குச்சி. மறுமுனை இரும்பின்மேல். கண்ணை இறுக்க மூடியிருந்தார். இங்கே ஊன்றினார், அங்கே ஊன்றினார். நெற்றியில் வேர்வை. குச்சியை எடுத்துப் பார்த்தார். ஒடித்து எறிந்து வேறு குச்சியைக் கடித்தார். அவருக்கு அவர் பல்லின் கிடுகிடுப்புத்தான் கேட்டிருக்கும். பட்டறையில் பதினாலு பேர், இருபத்தெட்டுக் காது. ஒன்றுகூட உதவவில்லை. நான் வாஷரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சத்தியமாக அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பகல் வெயிலில், அவர் என் வாசலுக்கு வந்தார். ஒரு கையில் துரையின் பை. இன்னொரு கையில் அண்ணனுடைய கைச்சுத்தியல். கல்லுக்கு அடியிலிருந்து எடுத்ததைப் பட்டறையில் போட்டு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. காம்பில் ஒரு கீறல் விழுந்திருந்தது. மற்றபடி அப்படியே பளபளத்தது.

உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை. பன்னிரண்டாவது இடத்தைத் திரும்ப வைத்துத் தர வேண்டும், சுத்தியலுக்கு, என்றார். துரை கேட்டாரா என்றேன். இல்லை என்றார். பிறகு ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ? அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாரோ? இருக்கலாம். வாயால் சொல்லத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அண்ணி உள்ளே இருந்தாள். அவளிடம் ஒரு பையின் இடத்தையா கொண்டுபோய்க் கொடுப்பேன்? அவர் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டில் அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. அது எத்தனை கனம் இருந்துவிடும்?

சுத்தியலை அளந்து, பையை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வாருங்கள் என்றேன்.

அன்று பொழுதெல்லாம் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக ஒன்றைத் தைத்ததில்லை. தையலுக்குத் தையல் ஒரே இடைவெளி. வாணியம்பாடித் தோலில் முதல்தரம். நூலுக்கு மூன்று தரம் மெழுகு. வாய் மட்டும், சுத்தியல் தலையின் அகலத்தைவிட ஒரு விரற்கடை குறைத்தேன்.

மறுநாள் வந்தார். பையை வாங்கி, சுத்தியலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். போகவில்லை. திருப்பி வைத்தார். காம்பைக் கீழே விட்டு, தலையைச் சாய்த்து, மெழுகுவத்தித் துண்டை எடுத்து ஓரத்தில் தேய்த்துப் பார்த்தார். தோல் முனகியது, இடம் கொடுக்கவில்லை. தோல்காரன் அளவு தப்பமாட்டான் என்று அவருக்குத் தெரியும். பட்டறையில் என் வாஷரை அளக்காமல் மாட்டுகிறவர் அவர். குனிந்தபடியே இருந்தார்.

"கொஞ்சம் பத்தல பா" என்றார்.

அவர் குரல் அப்படி ஒலித்து நான் கேட்டதில்லை. முறத்தின் சத்தம் உள்ளே நின்றுபோயிற்று.

"ரோட்டுல கல்லு கெடக்கும் மேஸ்திரி" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டார். சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, எதிர் வரிசை வீடுகளைத் தாண்டி, பட்டறைப் பக்கம் நடந்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலே போகவில்லை, கீழே வரவில்லை. எனக்குத் தெரிந்து அவர் எடை பார்க்காமல் எடுத்துக்கொண்டு போன ஒரே பொருள் அது.

பார்த்தபோது எனக்கு மனம் இளகவில்லை. எழுதினால் இளகும் என்று யாரோ சொன்னதை நம்பி இன்றைக்கு உட்கார்ந்தேன். எழுதியும் இளகவில்லை.